செல்போன் ஒழிப்புத் தீர்மானம்

இனிமேல் கழகத்துக்குள் செல்போன் கூடாது.

இதுதான் தீர்மானம். முன்மொழிந்தவன் காவாந்தண்டலம் ஒற்றுமைப் பூப்பந்துக் கழகத்தின் செயலாளர் ஏசுதாஸ், அதாவது அடியேன். வழிமொழிந்தவர் தலைவர் எல்லப்பன். கைதட்டியவர்கள் மீதிப் பேர். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்த நடையைப் பார்த்திருந்தால், ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டு வருகிறான் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

எங்கள் கழகம் என் அப்பா காலத்தில் ஆரம்பித்தது. ஏரிப் பக்கம் ஒரு கிரவுண்டு, ஒரு வலை, ஒரு விளக்குக் கம்பம், சில சிமென்ட் பெஞ்சுகள். அவ்வளவுதான் சொத்து. புயலிலும் வெள்ளத்திலும் வலைதான் கிழிந்ததே தவிர கழகம் கிழியவில்லை. பகலெல்லாம் எனக்கு வாலாஜாபாத்தில் கொத்தனார் வேலை. சாயங்காலம் கரணையை வைத்துவிட்டுப் பந்து மட்டையை எடுத்தால்தான் உயிர் வரும். இப்போதெல்லாம் முட்டி ஒத்துழைப்பதில்லை. பந்து ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன், மூச்சு வேறொரு பக்கம் போகும். அதனால் பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து வாயாலேயே ஆடுவோம்.

எல்லாம் எட்டு மணி வரைக்கும்தான். எட்டு மணிக்கு என் போன் அலறும். என் மனைவி மார்த்தாள்.

பாதிரியார் எனக்கு ஏசுவுக்குத் தாசன் என்றுதான் பெயர் வைத்தார். கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஏச்சுக்குத் தாசன் ஆகிவிட்டேன்.

“இன்னாய்யா, வூடு எந்தப் பக்கம் கீதுன்னு மறந்து பூட்சா?”

“தோ, வந்துக்கினே கீறேன் மார்த்தா.”

“வந்துக்கினே கீறியா? ‘சர்வீஸ் போடுடா’ன்னு எல்லப்பண்ணன் கத்தறது இங்க வரைக்கும் கேக்குது. நடந்து வரியா, பந்து மேல குந்திக்கினு வரியா?”

என் போனில் சத்தம் கொஞ்சம் அதிகம். பெஞ்சு மொத்தமும் கேட்கும். சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போவார்கள். ஊரில் கோயில் மணி உண்டு, சர்ச் மணி உண்டு. கழகத்துக்கு மார்த்தாள்தான் மணி. ஆனால் செயலாளர் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா?

ஒருநாள் எல்லப்பன் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். எங்கள் அடுத்த வீட்டுக்காரன்.

“ஏசு, கிளப்புல போனே கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டா இன்னா?”

“நல்லா கீதே! நீதான் தலைவரு, நீயே கொண்டா.”

“வாணாம். நீ கொண்டாடா. பேரு உனுக்கு வரட்டும்.”

எல்லப்பனுக்கு யோசனை என்று ஒன்று வந்ததே கழக வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தீர்மானம் நிறைவேறிய அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டைக்கு ஒத்திகை பார்த்தேன். அவள் இப்படிக் கேட்டால் நான் அப்படி. அவள் தட்டை எறிந்தால் நான் குனிவது. எல்லாம் தயார்.

“மார்த்தா, இனிமே கிளப்புல போன் எடுக்க மாட்டோம். ஏகமனதா தீர்மானம் ஆயிட்சு.”

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவே இல்லை.

“சரி.”

“செயலாளரே போன் எடுத்தா மத்தவன் இன்னா நெனப்பான்?”

“சரின்னேனே.”

“அவசரம்னா கூட...”

“அதான் சரின்ட்டேனே. புளி கரைக்கணும், கொஞ்சம் தள்ளு.”

தள்ளினேன். ஒத்திகை பார்த்த அத்தனை வசனமும் தொண்டையிலேயே ஊறிப் புளித்துப் போயிற்று.

மறுநாள் எட்டு மணி. தீர்மானம் கொண்டுவந்தவனே போனை அணைக்காமல் இடுப்பில் செருகி வைத்திருந்தேன். கை தானாக அங்கே போயிற்று. போன் அடிக்கவில்லை. நெடுநேரம் ஆயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஏசு, இப்ப எப்பிடிடா வூட்டுக்குப் போறது?” என்றான் எல்லப்பன், கொட்டாவிக்கு நடுவே.

“நடந்துதான்.”

போனேன். சோறு மூடி வைத்திருந்தது. மார்த்தாள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பாய் உதறிக்கொண்டிருந்தாள். “துன்னு” என்றாள். ஒரே சொல். அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். முகத்தில் கோபம் இருந்தாலாவது காலில் விழலாம். முகம் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சாரத்தின் மேல் நின்று செங்கல் அடுக்கும்போது பழைய திட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், செருப்பு இரண்டும் இடது காலுக்கே வாங்கி வந்ததற்குத் திட்டினாளே, அது. அவள் தங்கச்சி கல்யாணத்தில் நாஷ்டா பந்தியில் மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது கண்ணாலேயே திட்டினாளே, அது. ஒவ்வொன்றும் தேன். அந்த நினைப்பிலேயே சுவர் கோணலாகப் போய்விட்டது. மேஸ்திரி திட்டினார். நன்றாகத்தான் திட்டினார். ஆனால் அந்தக் கைப்பக்குவம் இல்லை.

எப்படியாவது அவளைத் திட்ட வைத்துவிடுவது என்று கிளம்பினேன். சட்டையைக் கிழித்துக்கொண்டு போனேன். ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். மண் காலோடு வீடெல்லாம் நடந்தேன். ஈரத் துணியால் துடைத்தாள், பாட்டு நிற்கவில்லை. கடைசியில் எல்லப்பனை விட்டே போன் போடச் சொன்னேன்.

“மார்த்தாம்மா, ஏசு கீய வுயுந்துட்டாம்மா. காலு சுளுக்கிக்கிச்சு.”

நான் போனோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“அடப்பாவமே,” என்றாள். “அப்பிடியே குந்த வைங்கண்ணே. ஆமா, கிளப்புல போன் கூடாதுன்னு தீர்மானம் போட்டீங்களே, நீங்க எப்பிடிப் போன் பண்றீங்க? தப்பில்ல? வச்சிடறேன்.”

வைத்துவிட்டாள்.

இனி பொறுக்க முடியாது. மறுநாள் பொழுது சாய்ந்ததுமே கழகத்துக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. எல்லப்பன் வீடும் பூட்டு. தெருவில் ஒரு பெண் பிள்ளை இல்லை. தண்ணி டேங்குக்குப் பின்னால், சமுதாயக் கூடத்திலிருந்து ஓவென்று சிரிப்புச் சத்தம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் ‘ரோஜா மகளிர் மன்றம்’ என்று பழைய போர்டு. அது எப்போதோ மூடிப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். தெருப் பெண்கள் மொத்தமும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தாயக் கட்டம். மார்த்தாள் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பித்தளைக் கட்டையை உருட்டிக்கொண்டு, “வுயு, தாயம் வுயு!” என்று கூவினாள். விழுந்தது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.  அவள் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்ப மாட்டாளா என்று நின்றுகொண்டே இருந்தேன். அவள் திரும்பவில்லை. திரும்பியது எல்லப்பன் பெண்டாட்டி வளர்மதி.

“வாண்ணே! உன்னாலதான் எங்க மன்றமே தழைச்சுது!”

“என்னாலயா?”

“பின்ன? அக்கா போன் போட்டாத்தானே உங்க கிளப்பு கலையும்? கலைஞ்சா அத்தினி பேரும் சோறு கேட்டுக்கினு வூட்டுக்கு வந்துருவீங்க. எங்க ஆட்டம் பாதில பூடும். வருஷக் கணக்கா இதே பேஜாரு. ஒருநாள் அக்காதான் கேட்டுச்சு, அவங்களை நாம ஏண்டி கூப்புடணும், அங்கயே கெடக்கட்டுமேன்னு.”

“அப்ப அந்தத் தீர்மானம்...”

“எங்க வூட்டுக்காரரு காதுல நான் போட்டேன். உன் வாயால வந்தாத்தான் நெலைக்கும்னு அக்கா சொல்லுச்சு.”

“வெட்டு!” என்றாள் மார்த்தாள், காயை நகர்த்தியபடி. அந்தக் கட்டத்தில் என் காய் எதுவும் இல்லை. ஆனாலும் வெட்டுப்பட்டது நான்தான்.

விடுவேனா? மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டினேன். தீர்மானத்தை ரத்து செய்யவேண்டும், போன் மனித உரிமை என்று முழங்கினேன். கை தூக்கச் சொன்னேன். என் கை மட்டும் விளக்குக் கம்பத்துக்குத் துணையாக நின்றது.

“வூட்ல சொல்லி அனுப்சிட்டாங்கடா,” என்றான் எல்லப்பன், தலையைக் குனிந்துகொண்டு.

அன்றைக்குச் சாப்பிடும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“மார்த்தா, ஒரு தபா திட்டேன்.”

“இன்னாத்துக்கு?”

“சும்மாதான். கேட்டு நாளாவுது.”

“இன்னா தப்பு பண்ணே?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்ப எப்பிடித் திட்டறது?” என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே யோசித்தாள்.

“நீ இல்லாத வூடு வூடாவே இல்ல மார்த்தா. கிளப்பும் வாணாம், பந்தும் வாணாம். நீ எங்க போனாலும் நானும் வரேன்.”

குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. என்னையே பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

“நெசமாத்தான் சொல்றியா?”

“சத்தியமா.”

“வர சனிக்கெயம எங்க மன்றத்துக்கு ஆண்டு விழா. வேன் வச்சிக்கினு மகாபலிபுரம் போறோம், கடல் பாக்க. அன்னிக்கு லீவு போட்டுட்டு ரெடியா இரு. வேற யாரையும் நம்ப முடியாது. நீதான் வோணும்.”

நீதான் வேணும்! கல்யாணம் ஆன புதிதில் கூட அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அந்த வாரம் நான் கட்டிய சுவர்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. மணலில் அவள் பக்கத்தில் உட்காருவது, சுண்டல் வாங்கித் தருவது, அலை வந்தால் அவள் பயந்து என் கையைப் பிடிப்பது. எல்லாம் மனதுக்குள் நடந்து முடிந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்தது. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தெருமுனையில் முதல் ஆளாக நின்றேன். வேன் வந்தது. பெண்கள் ஏறினார்கள். நீலச் சேலையில், தலையில் பூவோடு மார்த்தாள் வந்தாள். நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கையில் எங்கள் வீட்டுச் சாவியை வைத்தாள். அதன் மேல் வளர்மதி தன் வீட்டுச் சாவியை வைத்தாள். பிறகு தெருவே வரிசையாக வந்து வைத்தது.

“நான் வரலியா?”

“நீ வந்துட்டா எங்க அத்தினி பேரு வூட்டு ஆடுங்களையும் யாரு மேய்க்கறது? மத்த ஆம்பளைங்கள நம்பி வுட்டா கிளப்புக்கு ஓடிருவாங்க. நீதான் கிளப்பே வாணான்ட்டியே.” வேலியோரம் கட்டியிருந்த ஆட்டுக் கயிறுகளை மொத்தமாக அவிழ்த்து என் இன்னொரு கையில் சுற்றினாள். கடைசியாக, அவள் செல்லமாக வளர்க்கும் வெள்ளை ஆட்டுக்குட்டியைத் தூக்கி முத்தம் கொடுத்து என் தோளில் சாய்த்தாள்.

வேன் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே மார்த்தாளின் தலை நீண்டது. விரலை ஆட்டி, அந்தப் பழைய குரலில், ஊரே கேட்கக் கத்தினாள்.

“வெய்யில்ல சுத்தாதே! கண்டவன் கொல்லைல பூந்து மேஞ்சிக்கினு நிக்காதே! பொயுது போறதுக்குள்ள வூடு வந்து சேரு, ஆமா!”

திட்டிவிட்டாள்! கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. குட்டியை அணைத்துக்கொண்டு, ஆடுகள் பின்னால் இழுபட, வேனோடு கூடவே ஓடினேன்.

“சரி மார்த்தா! சரி மார்த்தா!”

“யோவ், உன்னை இல்லய்யா,” என்றாள். “குட்டியச் சொன்னேன்.”