ஒரே மாதிரி

1996ஆம் ஆண்டில் உலக விஞ்ஞானத்தின் தலைநகரம் அம்பத்தூர். உலகத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அங்கே மீன்நோய் ஆய்வுப் பிரிவில், குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டும் மகத்தான பதவியில் இருந்தான் அந்தோணிராஜ்.

ஒரு திங்கட்கிழமை சேக்காட்டிலிருந்து வேம்புலியம்மாள் ஈரச் சாக்கோடு வந்தாள். அரசுக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கெண்டை வளர்ப்பவள்.

“மீனு வாயப் பொளந்துகினு மெதக்குது சார். எதுனா பண்ணு.”

அதிகாரி உலகநாதன் உருப்பெருக்கி வழியாக மீனின் செவுளை நெடுநேரம் தரிசித்தார்.

“புழு இருக்கும்மா. ஆனா எந்தப் புழு? இதுல ரெண்டு இனம். ஒண்ணுக்கு உப்புத் தண்ணி. இன்னொண்ணுக்குக் குளத்து நத்தைய ஒழிக்கணும். பார்க்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு.”

“அப்போ ரெண்டையும் செஞ்சுடு சார்.”

அறையே அதிர்ந்தது.

“எதுன்னு தெரியாம குணப்படுத்தறது விஞ்ஞானம் இல்லம்மா. வெறும் வைத்தியம்!”

“நானே உப்ப வாங்கிப் போட்டுக்கவா?”

“என் கையெழுத்து இல்லாம ஒரு கல் உப்பு உள்ள போனா, குத்தகை ரத்து. மூஞ்சியப் பார்த்து யாரையும் முடிவு பண்ணக் கூடாதும்மா. மரபணு சொல்லணும்.”

ஆராய்ச்சி தொடங்கியது. செத்த மீன் ‘மாதிரி’க்கு ஆகாது. வாராவாரம் உயிரோடு, கொழுத்ததாக இரண்டு வேண்டும். செவுள் விஞ்ஞானத்துக்கு, நடுத்துண்டு உலகநாதன் வீட்டுக் குழம்புக்கு, வால் அந்தோணிராஜுக்கு. முள்ளைத் தவிர எதுவும் வீணாகாத ஆராய்ச்சியை அவன் வேறெங்கும் கண்டதில்லை.

வடநாட்டு மரபணுக் கூடத்துக்கு, மீனுக்கு ஒன்றாகச் செவுள் புழு அடைத்த இரண்டு குப்பிகள் தயாராயின.

“சீட்டுல இன்னா சார் எழுதறது?”

“பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி. அதை எழுது.”

அந்தோணிராஜ் சொல் மாறாதவன். இரண்டு குப்பிகளிலும் “ஒரே மாதிரி” என்று எழுதினான்.

ஐந்து மாதம் ஓடியது.

“நைனா, பதில் வந்துச்சா?” என்று அந்தோணிராஜைக் கேட்டாள் வேம்புலியம்மாள்.

“வந்துகினே கீதுக்கா.”

வந்தே விட்டது. மரபணுக் கூடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த புண்ணியவான் ஒருவர் இருந்திருக்கிறார். வேம்புலியம்மாளை வைத்துக்கொண்டே உலகநாதன் வாசித்தார்:

“தாங்கள் அனுப்பியது ஒரே மாதிரி என்று குறிப்பிட்டிருந்தபடியால், இரு குப்பிகளையும் ஒன்றாகக் கலந்து சோதித்தோம். இரண்டு இனப் புழுக்களும் உள்ளன. எது எந்தக் குப்பியினுடையது எனக் கூற இயலாது.”

அந்தோணிராஜின் தொண்டையில் பழைய முள் ஒன்று குத்தியது. இரண்டும் இருந்தால் இரண்டையும் செய்யவேண்டும். முதல் நாளே அவள் சொன்னது.

“முடிவு தெளிவா இல்ல,” என்றார் உலகநாதன். “புது மாதிரி அனுப்பணும். உயிரோட ரெண்டு மீன் கொண்டாம்மா.”

“ஏது மீனு? நேத்தோட காலி. பாதிய புழு துன்னுச்சு. மீதிய மாதிரி துன்னுச்சு.”

அவள் காலிக் குப்பி ஒன்றை மேசையில் வைத்தாள்.

“மூஞ்சியப் பார்த்து முடிவு பண்ணக் கூடாதுன்னு நீதான சொன்ன? தலமயிரு ஒண்ணு குடு சார். நைனா, நீயும் ஒண்ணு போடு. அந்தப் புழுவோட சேத்து அனுப்பலாம். எது எந்த இனம்னு மரபணு சொல்லட்டும்.”

உலகநாதன் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டார். அந்தோணிராஜ் தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் குப்பியில் போட்டான். பழக்கதோஷத்தில் சீட்டு எழுதி ஒட்டினான்:

“ஒரே மாதிரி.”

இந்த முறை அதில் பிழை இல்லை.