என் மகளுக்கு நான் வைத்த பேர்

ஓர் ஆளுக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்று பதவி கொடுத்தால், அவன் அதைத் தொழிற்சாலையோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். நானும் நிறுத்திக்கொள்ளவில்லை. புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் பகலெல்லாம் 'தலைக்கவசம் எங்கே?' என்று கத்திவிட்டு, கோல சிலாங்கூரில் இருக்கும் வீட்டுக்கு வந்தும் யாரையாவது அதட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் மனைவி கவிதா முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது, கிளினிக்கில் மிஸ்ஸி (எங்கள் பக்கம் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவளுக்குக் கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டார். பிறந்த குழந்தைக்கு இரண்டு மாதம் வரைக்கும் அந்த ஊசியைப் போட முடியாதாம். அதற்குள் இருமல் தொற்றினால் மூச்சே நின்றுபோகலாமாம். தாய்க்குப் போட்டுவிட்டால், அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேரும், பிறக்கும்போதே பிள்ளை அதைக் கையோடு கொண்டு வந்துவிடும் என்று விளக்கினார். "அண்ணே, நீங்களும் ஒண்ணு போட்டுக்கிட்டா நல்லது" என்றும் சொன்னார்.

விளக்கம் முழுவதும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசி வாக்கியம் மட்டும் காதில் ஏறவில்லை. (ஊசியைக் கண்டால் எனக்குக் கால் நடுங்கும். இது தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது.) மனதுக்குள் ஒரு கணக்கும் வைத்திருந்தேன். அம்மா போட்டுக்கொண்டால் பிள்ளைக்குப் போகிறது. அதே வீட்டில் சாப்பிட்டு அதே வீட்டில் படுக்கும் எனக்கும் கொஞ்சமாவது வந்து சேராதா? இப்படி நினைத்தவன் டிப்ளோமா முடித்தவன்.

மகள் பிறந்தாள். வீட்டுக்கு வந்த அன்றே லீவு போட்டுவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் வெப்பமானி, காலடியில் கிருமிநாசினி. வருகிறவர்களுக்கெல்லாம் நஞ்சுக்கொடியைப் பற்றி ஓர் உரை. சுங்கை ஆயர் தாவாரிலிருந்து என் பெரியப்பா, பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துப் போட நாட்டுக்கோழியோடு வந்தார். பாவம், கேட்டில் நின்று தொண்டையைச் செருமிவிட்டார். கோழியை மட்டும் வாங்கிக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். கவிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கும் அப்போது இருமல் இருந்தது. ஆனால் அது தூசி. சாதாரணத் தொழிற்சாலைத் தூசி. கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

சில நாள் கழித்து, தாயையும் பிள்ளையையும் பார்க்க அதே மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். அவரையும் நான் விடவில்லை. நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டி, கக்குவான் ஊசி போட்டாச்சா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்க விடாமல், கண்ணில் நீர் வழிய, கேட்டைப் பிடித்துக்கொண்டு இருமினேன். கடைசியில் இழுத்த மூச்சு சேவல் கூவுவது மாதிரி வந்தது.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. நீங்கள் ஊசி போட்டீர்களா என்று என்னைக் கேட்டார்.

"அதான் அவ போட்டுக்கிட்டாளே" என்றேன்.

"அவங்க போட்டது பாப்பாவுக்குப் போகும். உங்களுக்கு எப்படிண்ணே போகும்?"

கதவருகே பிள்ளையோடு நின்ற கவிதா ஓர் அடி பின்னால் போனாள். என்னைப் பார்த்துத்தான் போனாள். "என்னாங்க, உள்ள வராதீங்க" என்றாள். முந்தின நாள்தான் மகளை நெஞ்சில் போட்டுத் தூங்க வைத்திருந்தேன்.

மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்ததில் கக்குவான் இருமலேதான். டாக்டர் எனக்கும் கவிதாவுக்கும் பிள்ளைக்கும் மருந்து கொடுத்தார். அம்மா ஊசி போட்டிருப்பது பெரிய காவல், இருந்தாலும் பிள்ளையைக் கவனமாகப் பாருங்கள் என்றார். என்னை ஜெராமுக்கு, கவிதாவின் அண்ணன் சேகர் வீட்டுக்கு நாடு கடத்தினார்கள். மச்சான் தனிக்கட்டை, மீன் லோரி ஓட்டுகிறவர். மீன் பெட்டி அடுக்கும் பின்னறையை எனக்கு ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடுவார். போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. இருமுகிறாளா? இல்லை. பால் குடிக்கிறாளா? குடிக்கிறாள். அந்த அறையில் சாமி படம் இல்லாததால் ஐஸ் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அதற்குள் பேர் வைக்கும் நாள் வந்துவிட்டது. அப்பன்தான் பிள்ளையின் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். போனை அவள் காதருகே பிடித்தார்கள். உறவே கூடியிருந்தது, பெரியப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். யாழினி, நான் எத்தனையோ நாள் தேடிப் பிடித்த பேர். வாயைத் திறந்தேன். லொக். மறுபடி திறந்தேன். லொக் லொக். மூன்றாம் தடவையும் அதேதான் வந்தது.

"சரிலா, வெச்சாச்சு. பேரு லொக்கு" என்றார் பெரியப்பா. மீன் பெட்டிகளுக்கு நடுவில் நான் அழுதேன். அவர்கள் இருமல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யாழினிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. மருந்து ஒரு பக்கம், அதற்கு முன்பே அவள் அம்மா ரத்தத்தோடு கொடுத்தனுப்பியது ஒரு பக்கம். என் ஊசியைப் பிறகு போட்டுக்கொண்டேன், கவிதாவின் கையை நசுக்கியபடி.

இப்போது மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். யாழினி என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். லொக்கு என்றால்தான் திரும்புவாள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று ஆசிரியை போன வாரம் கேட்டிருக்கிறார்.

"அம்மா வயித்துக்குள்ளயே எனக்கு மருந்து குடுத்தாங்க டீச்சர். அப்பா இருமல் குடுக்கப் பாத்தாரு. நான் வாங்கிக்கல."