திமிங்கிலக் குழுவும் திடீர் மழையும்

உலகத்தில் நேர்மை என்ற ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்கு எங்கள் அலுவலகமே காரணம். மற்றவர்கள் நேர்மையைப் பற்றிப் பேசுவதோடு சரி. நாங்கள் அதை எடை போட்டு, முத்திரை குத்தி அனுப்புகிறோம். கடைக்காரர்களின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து, 'இது பொய் சொல்லாது' என்று சான்று கொடுக்கும் எடையளவு அலுவலகம் எங்களுடையது. எங்கள் முத்திரை இல்லாமல் இந்த ஊரில் ஒரு கிலோ சர்க்கரை ஒரு கிலோ ஆகிவிட முடியாது.

அப்பேர்ப்பட்ட அலுவலகம் ஒரு திமிங்கிலத்தை எப்படி எதிர்கொண்டது என்பதை வருங்காலத்துக்கு எழுதி வைப்பது என் கடமை. ஏனென்றால் திமிங்கிலக் குழுவின் செயலாளர் அடியேன்தான்.

எல்லாம் முத்திரை அக்காவால் வந்த வினை. சோதனை மேஜையில் உட்கார்ந்து தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பது அக்காவின் வேலை. முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அவருடைய புருவம் உயர்ந்துவிடும். கடைக்காரர் முகம் தொங்கிவிடும். அந்த அக்கா ஓய்வு பெறும் நேரம் வந்தது. ஓய்வு பெறுகிறவருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பது எங்கள் வழக்கம். இனி நேரத்துக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை என்று ஆனவருக்கு மணி பார்க்க ஒரு கருவியைக் கொடுப்பதில் உள்ள தொலைநோக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இருந்தாலும் எங்கள் தலைமை அதிகாரி, அதாவது சார், பெருந்தன்மையானவர். எல்லாரையும் கேட்பதுபோல அக்காவையும் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்னு கூச்சப்படாமக் கேளுங்கம்மா."

இந்தக் கேள்விக்கு, "உங்க அன்பு ஒண்ணே போதும் சார்" என்பதுதான் அங்கீகரிக்கப்பட்ட பதில். அக்காவோ நிஜமாகவே கேட்டுவிட்டார்.

"எனக்குத் திமிங்கிலம் பாக்கணும் சார்."

"எதுல, டிவியிலயா?"

"கடல்ல சார். கடலோரமா ஒரு ஊர் இருக்காம். இந்த சீசன்ல படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்களாம். காலம் பூரா கிராமும் கிலோவுமாவே பாத்துட்டேன். எந்தத் தராசுலயும் வைக்க முடியாத ஒண்ணை ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துடணும்."

சாருக்குத் தேநீர் புரையேறியது. ஆனால் கேட்கச் சொன்னவரும் அவரே, சாட்சிக்கு நாங்கள் அத்தனை பேரும் நின்றிருந்தோம். "செஞ்சிடுவோம்" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அக்காவின் ஆசை அக்காவுக்குச் சொந்தமில்லாமல் போய், அலுவலகத்தின் 'செயல்திட்டம்' ஆனது.

'திமிங்கிலக் கண்காணிப்புக் குழு' உதயமாயிற்று. திமிங்கிலம் தவறு செய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் குழு என்று வந்துவிட்டால் எதையாவது கண்காணித்துத்தானே ஆகவேண்டும்? சார் தலைவர், கணக்கர் பொருளாளர், நான் செயலாளர். அக்காவைச் சேர்க்கவில்லை. 'பயனாளி' குழுவில் இருந்தால் வெளிப்படைத்தன்மை கெட்டுவிடுமாம்.

முதல் கூட்டத்தில் சார் நேராக விஷயத்துக்கு வந்தார். "திமிங்கிலம் எத்தனை மணிக்கு வரும்?"

நான் அந்த ஊர்ப் படகோட்டிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"அது வர்றப்ப வரும் சார்" என்றது போன்.

"படகுக்கு எந்தப் பக்கமா வரும்?"

"அது அதோட இஷ்டம் சார்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பொறுப்பான பதிலே கிடையாதா? மேலதிகாரி யாராவது இருந்தா பேசச் சொல்லுங்கய்யா."

"படகுக்கு மேலதிகாரியா சார், திமிங்கிலத்துக்கா?" என்று கணக்கர் பவ்யமாகக் கேட்டார். சார் நியாயமாக யோசித்துவிட்டு, "ரெண்டு பேரும் இருந்தா நல்லது" என்றார்.

அடுத்த கூட்டத்தில் கணக்கர், இணையத்தில் மக்கள் எழுதியிருந்த விமர்சனங்களை வாசித்தார். கடற்கரை சுமார் என்று ஒருவர். கடலில் உப்பு தூக்கல் என்று ஒருவர். திமிங்கிலத்துக்கே ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார் ஒரு புண்ணியவான்: 'வாலை மட்டும் காட்டியது. ஒத்துழைப்பு போதாது.' இதைக் கேட்டு சார் வெகுநேரம் கவலையில் இருந்தார். வால் மட்டும் தெரிந்து, அதையும் கடைநிலை ஊழியர் யாராவது முதலில் பார்த்துத் தொலைத்தால் என்ன ஆவது? அலுவலகக் கட்டுக்கோப்பு என்ன கதிக்கு ஆளாகும்?

அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் எங்கள் புகழ்பெற்ற தீர்மானம்: 'தலைவர் பார்த்த பிறகே மற்றவர்கள் பார்த்ததாகக் கருதப்படுவர்.' ஏகமனதாக நிறைவேறியது.

தீர்மானத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவர ஒத்திகை வேண்டுமல்லவா? கூட்ட அறையில் நாற்காலிகளைப் படகுபோலப் போட்டோம். கணக்கர் பீரோவுக்குப் பின்னால் திமிங்கிலமாகக் காத்திருந்தார். "உஸ்ஸ்ஸ்" என்று அவர் எழும்பியதும் சார் "ஆகா!" என்பார், அதன் பிறகு நாங்கள் பதவி வரிசைப்படி "ஆகா" சொல்ல வேண்டும். முதல் ஒத்திகையிலேயே அக்கா கெடுத்துவிட்டார். கணக்கரின் வழுக்கை தெரிந்ததுமே, "அதோ!" என்று கை நீட்டிவிட்டார்.

"முந்திட்டீங்கம்மா" என்றார் சார் வருத்தத்தோடு.

"தெரிஞ்சுதே சார்?"

"தெரிஞ்சா உடனே சொல்லிடுறதா?"

அக்காவின் புருவம் உயர்ந்தது.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். நல்ல ஊர். தென்னையும் மணலும் சுள்ளென்ற வெயிலுமாக இருந்தது. காலையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு படகில் ஏறினோம். ஏறும்போதே சார் அறிவித்தார்: "எனக்கெல்லாம் தலை சுத்தவே சுத்தாது." கரை மறைவதற்குள் அவர் முகம் பச்சையாகிவிட்டது. வாளி ஒன்றைக் கட்டிக்கொண்டு படகின் சின்ன அறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை. உள்ளிருந்து வந்த சத்தங்களை நான் குறிப்பெடுக்கவில்லை.

அதிகாரி உள்ளே அவதிப்படும்போது ஊழியர்கள் கடலை வேடிக்கை பார்ப்பது அழகா? நாங்கள் அனைவரும் அந்த அறையின் கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தோம். அக்கா மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார், தராசு முள்ளைப் பார்க்கிற அதே பார்வையோடு. படகோட்டி இன்ஜினை நிறுத்தினார்.

படகுக்குப் பக்கத்திலேயே கடல் எழுந்து நின்றது. அப்படித்தான் முதலில் நினைத்தேன். கறுப்பாக, பளபளப்பாக, ஏறிக்கொண்டே இருந்தது. இதற்கு முடிவே கிடையாதா என்று தோன்றியது. பிறகு ஒரு பெருமூச்சு. எங்கள் எல்லார் தலையிலும் தண்ணீர் கொட்டியது. கணக்கர் "அம்மா!" என்று அலறினார். நான் பக்கத்திலிருந்த அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இந்தப் பத்தி அலுவலக அறிக்கையில் இடம்பெறவில்லை.

அது மெல்ல முங்கி, வாலை ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டுப் போனது. தண்ணீர் அடங்கிய பிறகு கதவு திறந்தது. சார் வாளியோடு நின்றார். உலர்ந்த சட்டை அவர் ஒருவருக்குத்தான்.

"என்னய்யா, எல்லாரும் இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் என்ற முறையில் நான்தான் பேசியாக வேண்டும். தீர்மானம் என் கண் முன்னால் வந்து நின்றது.

"மழை சார்" என்றேன்.

"மழையா? வெயில் கொளுத்துதே!"

"பெஞ்சு ஓஞ்சிடுச்சு சார்" என்று கணக்கர் கைகொடுத்தார்.

"மீன் நாத்தம் குடலைப் புடுங்குதே?"

"கடல் மேல பெய்யிற மழை சார். கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான்.

படகோட்டி எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கைகட்டி நின்ற எங்கள் கோலத்தைக் கண்டு இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திமிங்கிலம் வந்துச்சு சார்" என்றார் அக்கா. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. "கை நீட்டினா தொட்டிருக்கலாம். அது விட்ட மூச்சுலதான் நனைஞ்சோம்."

சார் எங்கள் பக்கம் திரும்பினார். "யாராச்சும் பாத்தீங்களா?"

நாங்கள் கதவைப் பார்த்தோம்.

"வயசாச்சுல்லம்மா" என்றார் சார் கனிவாக. "கடல் காத்து, வெயில்... கண்ணு ஏமாத்தியிருக்கும்."

மயிரிழை பிசகைக் கண்டுபிடிக்கும் கண்ணைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை அது. அக்கா சாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்லு. நீ என் கையைப் பிடிச்சியே. இன்னும் வலிக்குதுப்பா."

"இடி இடிச்சுது அக்கா" என்றேன். "பயந்து பிடிச்சேன்."

அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். புருவம் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கரைக்கு வருவதற்குள் கூட்டம் கூடி, பெரும்பான்மை முடிவுப்படி மழை பெய்ததாக உறுதி செய்யப்பட்டது. அக்காவின் கருத்து, கருத்தாகவே ஏற்கப்பட்டது. விடுதிக்குப் போனதும் சார், "நல்லவேளை, நான் உள்ள இருந்தேன். எனக்கு மழைன்னா சளி பிடிச்சிடும்" என்றார்.

பிரிவு உபசாரம் அமர்க்களமாக நடந்தது. கூட்ட அறை முழுக்கத் தோரணம். நான் வாழ்த்துரை வாசித்தேன். 'நேர்மையே உருவானவர்', 'உண்மைக்கு மறுபெயர்' என்ற இடங்களில் பலமான கைதட்டல். சார்தான் ஆரம்பித்து வைத்தார். கடிகார வழக்கத்தையும் இந்த முறை மாற்றியிருந்தோம். மறக்க முடியாத அந்தப் பயணத்தின் நினைவாக, அழகான பெரிய குடை ஒன்றை சார் தம் கையால் வழங்கினார்.

அக்கா வாங்கிக்கொண்டார். ஏற்புரையில் எல்லாருக்கும் நன்றி சொன்னார். திமிங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு தன் மேஜைக்குப் போய், தராசின் தட்டுகளைத் துடைத்து, முள் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வெளியே நல்ல வெயில். அக்கா பையை வாங்கிக்கொண்டு, குடையை என் கையில் திணித்தார்.

"எனக்கு எதுக்குப்பா இது? இனிமே நான் எதுல நனைஞ்சேன்னு நானே சொல்லிக்குவேன். நீ வச்சுக்கோ. சாருக்குத் தலை சுத்துறப்பல்லாம் உன் மேலதான் மழை பெய்யும்."