பி-யா, எட்டா?

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாதவர்கள்கூட இருக்கலாம். 'மாடல் நம்பர்' கடைக்கு மூன்று சுற்று அலையாதவர்கள் இருக்கவே முடியாது.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் எந்தச் சாமானுக்கும் நெட்டில் மேனுவல் தேடி பிரிண்ட் போட்டுத் தருவார். ஆனால் மாடல் நம்பர் சொல்லாமல் மௌஸைத் தொடமாட்டார். "வெள்ளைக் கலர் மிக்சிங்க" என்று வந்த அம்மாவிடம், "எங்க வீட்டு மாடுகூட வெள்ளைதாம்மா, அதுக்கும் சேத்துப் போடவா?" என்றவர். கல்யாணப் பத்திரிகை நீட்டிய மாப்பிள்ளையிடமும் பழக்கதோஷத்தில் "மாடல் நம்பர்?" என்றாராம்.

போன வருஷம் நான் கோழிப்பண்ணை அதிபராகத் தீர்மானித்தேன். கீழ்பென்னாத்தூர் மச்சான் கொடுத்த அறுபது நாட்டுக்கோழி முட்டைகளைக் குஞ்சு பொரிக்கும் மெஷினில் வைத்துவிட்டு, அடைக்கோழியைவிட அக்கறையாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பொரிக்க இரண்டே நாள் இருக்கும்போது மெஷின் கீ கீ என்று கத்தியது. உள்ளே சூடு இறங்கியது. மேனுவலா? அதை வாங்கிய அன்றே பழைய பேப்பரோடு போட்டுவிட்ட மேதை நான்.

வண்டியை விரட்டினேன்.

"மாடல் நம்பர்?"

"ண்ணா, உள்ள அறுபது உயிருங்க!"

"அறுபதுக்கும் ஒரே நம்பர்தான். போய் பாத்துட்டு வாங்க."

திரும்பி ஓடினேன். நம்பர் ஸ்டிக்கர் மெஷினின் பின்னால் இருந்தது. அதன்மேல், ஆயுத பூஜைக்கு என் மனைவி வைத்த சந்தனம், குங்குமம். பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் எந்த மெஷினில் இருக்கிறது? நகத்தால் சுரண்டினேன். சந்தனத்தோடு கடைசி எழுத்தில் பாதியும் வந்துவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

பெரிதாக்கிப் பார்த்தார். "இது பி-யா, எட்டா?"

"எதுனா ஒண்ணு போடுங்கண்ணா!"

"தப்பான பட்டனை அமுத்துனா மொத்த செட்டிங்கும் அழிஞ்சிடும். அப்புறம் ஆம்லெட்டுதான்."

இரண்டு மேனுவலையும் இறக்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"தண்ணியில முக்கக் கூடாதாம். முக்குனீங்களா?"

"இல்லண்ணா!"

"குளிக்கும்போது தொடக் கூடாதாம்."

"இன்னிக்கி நான் குளிக்கவே இல்லண்ணா!"

மனைவி போன் செய்தாள். "ஏங்க, மெஷினுக்குக் கம்பளி போத்திட்டேன். எங்க இருக்கீங்க?"

"பதினோராம் பக்கத்துல இருக்கேன்."

பதினான்காம் பக்கத்தில் நிமிர்ந்தார். "உங்க மெஷின்ல எத்தினி பட்டன்?"

"மூணு."

"அப்ப பி. எட்டுக்கு நாலு."

அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் போட்டு, 'ஐந்து விநாடி அழுத்தவும்' என்பதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார்.

"இதை முன்னாடியே கேட்டிருக்கலாமேண்ணா!" பல்லைக் கடித்தேன்.

"நீங்க முன்னாடியே படிச்சிருக்கலாமே."

வீட்டுக்குப் பறந்து வந்து ஐந்து விநாடி அழுத்தினேன். கத்தல் நின்றது. சூடு ஏறியது. இரண்டு நாள் தாமதமாக, நாற்பத்தொரு குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன.

மார்தட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "மிச்சம் பத்தொம்போது?" என்றார். இவருக்குப் போய்ச் சொன்னேனே என்று என்னையே நொந்துகொண்டு வண்டியைத் திருப்பினால், பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம். பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு என் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் அந்த மனிதர் எதையுமே படிக்கவில்லை.