நடுத்தெருவில் நின்ற தாலி

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி காரியமும் சைக்கிள் காரியமும் ஒன்றாகக் கலந்து கிடக்கிற விஷயம். சிரிப்பாய்ச் சொன்னால் தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்று பயம். "நடந்தத நடந்தபடி சொல்லுங்க, மீனாட்சி கோவிக்க மாட்டா" என்று என் மனைவி சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட்டேன்.

மதுரைச் சீமையிலேயே ஒரு சைக்கிளுக்குச் சோறூட்டி, தாலாட்டி, ஜோசியம் மட்டும் பார்க்காமல் விட்டவர் ஒருவர்தான். பழங்காநத்தத்தில் அவரை மூணுவேகம் என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பஞ்சுத் தரகர். ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன மூன்று வேக வண்டி அவரிடம் இருந்தது. பின்சக்கரத்தின் நடுவே தேங்காய் மூடி அளவில் ஓர் உருளை. அதன் வயிற்றுக்குள் பல்சக்கரங்கள். கைப்பிடியில் இருக்கும் விசையைத் தள்ளினால், அச்சின் ஓட்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பொடிச் சங்கிலி இழுபடும், வேகம் மாறும்.

மேட்டுக்கு எருமை, சமதரைக்கு மாடு, பறக்கக் குதிரை. இவை மூன்றும் அவர் வைத்த பெயர்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. சங்கிலி அங்கே நின்றுவிட்டால் எந்த வேகமும் பிடிக்காது. மிதி சும்மா சுற்றும், வண்டி நகராது. அந்த இடத்துக்குப் பெயர் நடுத்தெரு.

போகிற போக்கில் வண்டியை நிறுத்தி, உருளையில் காதை வைத்துக் கேட்பார். ஒரு சாவு ஊர்வலத்துக்கு நடுவில் உட்கார்ந்து, "கொட்டக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா, வயித்துச் சத்தம் கேக்கல" என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தவர். பந்திக்குக் கூப்பிட்டால், "வண்டிக்கு நெழல் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

யுத்த காலம். என் தம்பிக்குத் திருமங்கலத்தில் பெண் வீட்டில் கல்யாணம். அப்பா இல்லாததால் பொறுப்பு என்னுடையது. முதல் நாளே போய் இறங்கிவிட்டோம். விடிந்ததும் தாலி எங்கே என்றார்கள். என் அத்தை என்னைப் பார்த்தாள், நான் அத்தையைப் பார்த்தேன். அம்மன் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்ட தாலி, பழங்காநத்தத்தில் அம்மன் படத்தின் முன்னாலேயே இருந்தது. மீனாட்சிக்கே திருமாங்கல்யம் செய்து கொடுத்த ஊர் என்று பெருமை பேசுகிற ஊரில் நாங்கள் தாலி இல்லாமல் நின்றோம்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸை நம்ப முடியாது. கல்யாணத்துக்குத் தன் வண்டியிலேயே வந்திருந்த மூணுவேகம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "முகூர்த்தத்துக்குள்ள வாரேன்" என்றார். அடுத்த நொடி குதிரை பறந்தது.

அவர் போன பிறகு நேரம் ஓடியது. ஐயர் இரண்டு தடவை வெயிலைப் பார்த்தார். யாரோ மஞ்சள் கிழங்கைக் கட்டி முடிக்கலாம் என்று சொன்னார்கள். பெண்ணின் பெரியப்பா துண்டை உதறினார்.

"கெழங்கக் கட்டவா எங்க புள்ளைய வளத்தோம்? முகூர்த்தம் தப்புச்சுன்னா உங்க மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க!"

உள்ளே அந்தப் பெண்ணின் காதில் இது விழாமல் இருக்குமா? தாலி வராத பெண் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்த வாசலில் போய் நிற்பாள்? நான் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்து நின்றேன்.

அந்த நேரம், முன்னும் பின்னும் பால் கேன் தொங்கவிட்ட ஒருவர் சைக்கிளில் கடந்தார். "மூணுவேகத்தண்ணே சொல்லச் சொன்னாரு! நடுத்தெருவுல நிக்கிதாம்! ஒடனே வரணுமாம்!" என்று கத்திவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

"வந்துட்டாருய்யா!" என்று பெரியப்பா பாய்ந்தார். மேளக்காரர்கள் உட்பட பாதிக் கல்யாணம் திருமங்கலத்து நடுத்தெருவுக்கு ஓடியது. நானும் ஓடினேன். தெருவில் ஒரு கழுதை நின்றது. அதைத் தவிர யாரும் இல்லை. வீடு வீடாய்த் தட்டி, "இங்க தாலி வந்துச்சா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, அவர் சொன்னது இந்த நடுத்தெரு இல்லையே!

வாடகைக் கடையில் ஒரு சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு மதுரை ரோட்டில் மிதித்தேன். கப்பலூர் பக்கம் ஒரு புளியமரம் தெரிந்தபோதே கருவேல முள் ஏறி என் பின்சக்கரம் சப்பையானது. மரத்தடியில் மூணுவேகம் உருளையில் காதை வைத்துப் படுத்திருந்தார். தாலி அவர் இடுப்பு மடியில் பத்திரமாக இருந்தது.

"குடுங்கண்ணே, நான் ஓடியாவது போறேன்!"

"நீ ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள முகூர்த்தம் ஓடிரும். ஒக்காரு. உங்க எதிர்வீட்டு அக்கா செஞ்ச வேலயப் பாரு."

எங்கள் வீட்டுச் சாவி அந்த அக்காவிடம்தான் இருந்தது. தாலி போகிற வண்டி மூளியாகப் போகக் கூடாது என்று அந்த மகராசி அம்மன் முன்னால் இருந்த சந்தனத்தை வண்டி முழுவதும் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறாள். அச்சின் ஓட்டையையும் விடவில்லை. வெயிலில் அது சுண்ணாம்புச் சாந்தாய் இறுகி, பொடிச் சங்கிலியை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, விட்டாலும் உள்ளே போகவில்லை.

"பலமா இழுங்கண்ணே!"

"இழுத்தா அத்துரும். அத்துச்சுன்னா அம்புட்டுத்தான்." தண்ணீருக்குச் சுற்றிலும் கிணறு இல்லை. எச்சில் தொடுவாரோ என்று பதறினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் முன்னால் இரண்டு கையையும் குவித்தார். "தாயே, உன் சந்தனத்தச் சொரண்டப் போறேன். பொறுத்துக்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, தலையக் குனி."

"எதுக்கு?"

"குனிடா! ஒரு செக்கு எண்ணெய் வச்சிருக்கால்ல தலையில!"

கல்யாணத்துக்கென்று என் மனைவி வழிய வழிய வைத்த தேங்காயெண்ணெயை என் தலையிலிருந்து வழித்து வழித்து ஓட்டையில் விட்டார். என் டயரில் இருந்த முள்ளைப் பிடுங்கி, அதாலேயே சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினார். எங்கோ மேளம் கேட்டது. "அண்ணே, தொடங்கிட்டாங்க!" என்று அலறினேன்.

"அவசரப்பட்டா பல்லு ஒடையும். பேசாத."

சங்கிலி முனகியது. வழுக்கியது. வந்தது! விசையை மாட்டில் வைத்து, ஒயரின் திருகை அரைத் திருப்பு திருப்பினார். அச்சு நுனியும் சங்கிலியின் தண்டும் ஒரே மட்டத்துக்கு வரவேண்டுமாம்.

"வாசப்படியில வந்து நிக்கிற புது மருமக மாதிரி. உள்ளயும் போயிறக் கூடாது, வெளியவும் போயிறக் கூடாது. ஏறு பின்னால!"

எருமையில் கிளம்பினோம். மாடு பிடித்தது. குதிரைக்குத் தள்ளும்போது கண்ணை மூடி முருகா என்றேன். டக்! பிடித்துக்கொண்டது. பந்தலுக்குள்ளேயே வண்டியை விட்டார். ஐயர் எழுந்து விலகினார். மேளம் கொட்டியது, தம்பி தாலி கட்டினான். குனிந்திருந்த அந்தப் பெண்ணின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூணுவேகத்தைத் தேடினார். அவர் பந்தலுக்கு வெளியே வண்டிக்கு நிழல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தன் தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார். அவர் அதை அப்படியே எடுத்து உருளையைத் துடைத்தார்.

அவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. இப்போது எங்கள் தெருவில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அம்மன் சந்தனத்தில் அவர் எச்சில் துப்பினார் என்றுகூட ஒருவன் சொல்லிச் சிரித்தான். படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொன்னால் புண்ணியமாகப் போகும். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் துப்பவில்லை ஐயா. முகூர்த்தம் கைநழுவிப் போகிற நேரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.