எல்லாத் தெருவும் தெரிந்தவர்

"இந்தக் கடிகாரக் கடைய ஏற்கெனவே பார்த்துட்டோமேங்க?" என்றாள் மனைவி.

"பார்த்தோம். காலை வெயில்ல பார்த்தோம். மத்தியான வெயில்ல இதோட அழகே தனி" என்றார் சர்வேயர். மூன்றாவது தடவையாக அந்தக் கடையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

யார் நிலம் எங்கே முடிகிறது என்று அங்குலம் பிசகாமல் சொல்லும் மனிதர் அவர். பதினெட்டு வருடத்துக்கு முன் ஐந்து நாள் பயிற்சிக்காக இந்த நாட்டுக்கு வந்துபோனார். அன்றிலிருந்து உறவுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், "அந்த நாட்டை நடந்தே பார்க்கணும். சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று ஆரம்பித்துவிடுவார். உண்மையில், வந்த அன்றே வயிற்றுப்போக்கு பிடித்து ஐந்து நாளும் ஓட்டல் அறையிலேயே கிடந்தார். இந்த நாட்டில் அவர் நடந்த மொத்தத் தூரம் கட்டிலிலிருந்து கழிவறை வரை. அதையும் நடந்தார் என்று சொல்ல முடியாது, ஓடினார்.

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நிமிட அவமானத்தோடு போயிருக்கும். சொல்லாததால், இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மனைவி விமான டிக்கெட்டை நீட்டிவிட்டாள். வரைபடம் வாங்கலாமா என்று அவர் கேட்டதற்கு, "எதுக்கு? நீங்கதான் இருக்கீங்களே" என்று வேறு சொல்லிவிட்டாள். ஊரே சிரித்தாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்தான் சர்வேயர். இவள் முகத்தில் இருக்கும் நம்பிக்கை போய்விட்டால் மட்டும் அவரால் தாங்க முடியாது.

கையில் பெட்டியோடு ஒருவர் விறுவிறுவென்று போனார். இப்படி நடக்கிற ஆள் ரயில் நிலையத்துக்குத்தான் போவார், அங்கே போனால் ஓட்டலுக்கு வழி பிடித்துவிடலாம் என்று சர்வேயர் முடிவு கட்டினார்.

"வா, என் பழைய காபிக் கடையைக் காட்டுறேன்."

பெட்டிக்காரர் திரும்பிய இடமெல்லாம் திரும்பி, அவர் ஏறிய மாடியெல்லாம் ஏறி, அவர் திறந்த கதவுக்குள் இவர்களும் நுழைந்தார்கள். உள்ளே ஏதோ துளை போடுகிற சத்தம் கேட்டது.

"பல் வலி யாருக்கு?" என்றாள் வெள்ளை உடைப் பெண்.

"காபிக் கடைய எடுத்துட்டாங்க" என்றார் சர்வேயர், படியிறங்கும்போது. "முன்னேற்றம்கிற பேர்ல எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்காங்க."

"பாவம்" என்றாள் மனைவி. யாரை என்று சொல்லவில்லை.

பூங்கா வழியாகக் குறுக்கே இறங்கினால் ஆறு வரும், ஆற்றைப் பிடித்தால் ஊர் வரும் என்று அவர் அடுத்த கணக்கைப் போட்டார். மனைவி அசையவில்லை.

"படிக்கட்டு, ஒத்தையடிப் பாதை எல்லாம் வேணாங்க. கார் போற ரோட்டுலயே போலாம்."

"நாட்டை நடந்து பார்க்கிறவன் கார் ரோட்டுலயா போவான்?"

"எனக்காகப் போங்களேன். கொஞ்சம் மெதுவாவும் போங்க."

கார் ரோடு நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. வீடுகள் குறைந்தன. பிறகு நடைபாதையே நின்றுபோனது. சர்வேயரின் புது ஷூ இரண்டு குதிகாலையும் பிய்த்து எடுத்தது. கடைசியில் ஒரு டயர் கிடங்கின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் ரோடும் முடிந்தது.

"இது என்ன இடம்?"

"ரொம்பப் பேருக்குத் தெரியாத இடம்." காலையிலிருந்து அவர் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை.

மனைவி அவரை அந்த கேட் ஓரமாக உட்காரவைத்து, பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து இரண்டு குதிகாலிலும் ஒட்டினாள். கோபமாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. இவளையா இத்தனை வருடம் ஏமாற்றினோம் என்று அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. இந்த நாட்டுல நான்..."

"சொல்லுங்க."

"இந்த நாட்டுல நான்... இவ்வளவு தூரம் வந்ததில்ல."

அதற்குள் பின்னால் ஒரு வாடகைக் கார் மெதுவாக வந்து நின்றது. தமிழ்க்கார டிரைவர் ஒருவர் தலையை நீட்டினார். சர்வேயர் பக்கம் திரும்பாமல் மனைவியிடம் பேசினார்.

"அம்மா, நேத்து நீங்க சொல்லி வெச்சபடியே, ஐயா கண்ணுல படாம காலையிலேர்ந்து பின்னாடியே வந்துட்டிருக்கேன். இதுக்கு மேல ரோடு இல்ல. இப்பவாவது ஏறுறீங்களா?"