கண்ணாலேயே எடை போடுபவர்

தராசைக் கண்டாலே தன்னை யாரோ அவமதித்துவிட்டதுபோல் முகம் சுளிக்கிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. இவர்களுக்குக் கண்ணே தராசு. கடையில் பூசணிக்காயைத் தொடாமலே ‘மூணே முக்கால்’ என்பார்கள். விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர் பெட்டியைப் பார்த்து ‘ரெண்டு கிலோ கூடுதல், பிடிப்பான்’ என்று வயிற்றைக் கலக்குவார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நிச்சயத்துக்குப் பிறகு எட்டு கிலோ ஏறிவிட்டார் என்று பெண்ணின் தகப்பனாரிடமே போய்ச் சொல்வார்கள். சொன்னது சரிதானா என்று யார் பார்த்தது? தராசைத்தான் கிட்டே அண்டவிடுவதில்லையே.

வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் குணசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு அனுப்பும் கம்பெனியில் முப்பது வருஷம் எடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் சாய்ந்து நின்ற சில்வர் ஓக் மரத்தை இறக்க, அந்த ஞாயிற்றுக்கிழமை மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்துவிடும் என்று நூற்றிருபது வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். பதினொன்று ஆகியும் உச்சித் தண்டு பத்தடி அப்படியே நின்றது. அதற்குக் கீழே, அதே மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு, கையில் ரம்பத்தோடு ஷெர்வின். தரையில் கயிற்றைப் பிடித்து நின்றவர் அவருடைய மனைவி பிரிஜெட். அடுகோடியிலிருந்து மரம் வெட்ட வந்த குழுவை நடத்துபவரும் அவர்தான்.

“பத்தடியையும் ஒரே துண்டா இறக்கிடும்மா. நூத்தம்பது கிலோதான். கயித்துல ஒன்றரை டன்னுன்னு போட்டிருக்கு. பத்து மடங்கு தாங்கும்” என்றார் குணசேகர்.

“இருநூறுக்கு மேல வரும் சார். அது கூடப் போகட்டும். நீங்க தொங்குற கனத்தச் சொல்றீங்க. இது விழுற கனம்.”

“விழுந்தா எடை கூடிடுமா?”

“கயிறு ஓடுற கப்பி, வெட்டுற எடத்துக்குக் கீழ கட்டியிருக்கு சார். துண்டு அதையும் தாண்டி விழுந்தப்புறம்தான் கயிறு பிடிக்கும். அந்த உதறல் மொத்தமும் அவர் நிக்கிற மரத்துலதான் இறங்கும்.”

குணசேகர் சிரித்தார். முப்பது வருஷச் சிரிப்பு.

பிரிஜெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே நிற்பது இவர் வீட்டு ஆளா? ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. “ஸ்வல்ப இங்க வாங்க சார்” என்று கன்னடம் கலந்து கொஞ்சம் வரச் சொல்லி, மினி லாரியின் மேல் அவரை ஏற்றி நிறுத்தி, செக்யூரிட்டி அறையிலிருந்து நிறைந்த தண்ணீர் கேன் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தார். கேன் லாரிக்கு வெளியே தொங்கியது.

“எவ்ளோ சார்?”

“இருபது கிலோ.” வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகச் சொன்னார், கேனிலேயே இருபது லிட்டர் என்று எழுதியிருந்தது.

பிரிஜெட் கேனை இரண்டடி மேலே தூக்கினார். விட்டார்.

கயிறு உள்ளங்கையை வறுத்துக்கொண்டு ஓடியது. கேன் தரையில் உடைந்தது. குணசேகர் லாரிப் பலகையில் மண்டியிட்டிருந்தார். தோள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து ஷெர்வினைப் பார்த்தார். அவ்வளவு உயரத்தில் ஓர் ஆள் நிற்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

மேலேயிருந்து ஷெர்வின் கேட்டார், “எத்தன துண்டு?”

‘நாலு’ என்று பிரிஜெட் வாயெடுப்பதற்குள் குணசேகர் சொன்னார், “அஞ்சு.”

கரண்ட் மூன்றரைக்கு வந்தது. அதற்குள் ஷெர்வின் பத்திரமாக இறங்கி, மனைவியிடம் முதுகில் ஓர் அடியும் குடிக்கத் தண்ணீரும் வாங்கிக்கொண்டார்.

குணசேகர் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? சாயங்காலம் லிஃப்ட் வாசலில் ஆறு பேரை நிறுத்திவைத்து விளக்கிக்கொண்டிருந்தார்: “இருபது கிலோ ரெண்டடி விழுந்தா நூத்தி இருபத்தேழு கிலோ. கையாலயே அளந்தேன்.”

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ‘அந்த லாரிமேல் நின்றது நானாக இருந்தால் காலை அழுத்தி ஊன்றிப் பிடித்திருப்பேன்’ என்று உங்களுக்கும் ஒரு கணம் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தாலும் குற்றமில்லை, கீழே விழுவது வெறும் தண்ணீர் கேன்தான். மரத்தின்மேல் ஆள் இருக்கும்போது மட்டும் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.